உஷார்! ‘நான் பாத்துக்கறேன்’ என்று மெயில் வந்தால் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்

“அண்ணா, உங்க ப்ராஜெக்ட்டை ரெண்டு வருசமா யூஸ் பண்றேன். ரொம்ப நல்லா இருக்கு. நீங்க பிஸின்னு தெரியுது. ஆக்சஸ் மட்டும் குடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்.”

இப்படி ஒரு மெயில் வந்தால் தயவுசெய்து அன்றைக்கே ‘சரி’ என்று பதில் போட்டுவிடாதீர்கள். சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம் என்று நம் பக்கத்துக் கல்லூரிகளில் படித்து, அப்போது எழுதிய நிரலை ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஏற்றிய கையோடு பெங்களூரு பஸ் பிடித்திருப்பீர்கள். கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம் என்று வருடங்கள் ஓடியிருக்கும். நீங்கள் அதைத் திறந்தே பார்க்காத அந்த வருடங்களில், எங்கோ ஒருவர் உங்கள் நிரலைத் தன் மென்பொருளுக்குள் கோத்திருப்பார். அதன் மேல் இன்னொருவர் கட்டியிருப்பார். ‘இது ஓடவில்லை’, ‘இதைச் சரிசெய்து கொடுங்கள்’ என்று புகார்கள் பதிலில்லாமல் குவிந்திருக்கும். எப்போதாவது அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் மனதுக்குள் ஓர் உறுத்தல் வரும். அந்த உறுத்தலை நம்பித்தான் சிலர் அந்த மெயிலை எழுதுகிறார்கள்.

கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலானோர் நல்லவர்கள்தான். முகம் தெரியாத நல்லவர்கள் இல்லையென்றால் ஓப்பன் சோர்ஸ் உலகமே ஓடாது. ஆனால் நல்லவர் எழுதும் மெயிலும் திருட வந்தவர் எழுதும் மெயிலும் படிக்க ஒரே மாதிரிதான் இருக்கும். அதே பணிவு, அதே அக்கறை. வார்த்தைகளை வைத்து ஆளைப் பிரிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

நாமக்கல்லில் லாரி வாங்கி விற்பவர்களுக்கு இந்த ஆபத்தை நொடியில் புரியவைத்துவிடலாம். வண்டியை விற்றாயிற்று, பணமும் எண்ணி வாங்கியாயிற்று, 29, 30 ஃபாரத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. வாங்கியவரோ ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போகவில்லை. ஆறு மாதம் கழித்து எங்கோ ஒரு விபத்து. சம்மன் பழைய ஓனர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் விவரமான லாரிக்காரர்கள் ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள். மென்பொருளில் அப்படி ஒரு பெயர் மாற்றமே கிடையாது. போர்டில் இருக்கும் பெயர் அதேதான், ஓடுகிற ரூட்டும் அதேதான், ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் வேறு. உங்கள் பெயரை நம்பி லோடு ஏற்றியவர்களுக்கு டிரைவர் மாறியதே தெரியாது. அடுத்த அப்டேட் வரும், கேள்வி கேட்காமல் இறக்கிக்கொள்வார்கள்.

இதன் உச்சம் என்ன என்பதை 2024 மார்ச்சில் உலகம் பார்த்தது. எக்ஸ்இசட் என்று ஒரு கருவி. கோப்புகளைச் சுருக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான் வேலை. ஆனால் லினக்ஸ் ஓடும் கணினிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது உட்கார்ந்திருக்கிறது. உங்கள் ஊர் தீவன மில்லின் கணக்கு ஒரு கிளவுட் சர்வரில் இருக்கிறதென்றால், அந்தச் சர்வரிலும் பெரும்பாலும் இருக்கும். அதைப் பல வருடங்களாகச் சம்பளமில்லாமல், கிட்டத்தட்டத் தனியாளாகப் பார்த்துவந்தவர் ஃபின்லாந்தைச் சேர்ந்த லாசே கோலின்.

2021-ன் கடைசியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்தார். சின்னச் சின்னத் திருத்தங்களை அனுப்பினார். எல்லாம் ஒழுங்கான, உபயோகமான திருத்தங்கள். 2022-ல் ஜிகர் குமார், டென்னிஸ் என்ஸ் என்ற பெயர்களில் இன்னும் சிலர் முளைத்தார்கள். வேலை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது, உங்களுக்கு ஆர்வம் போய்விட்டது போலிருக்கிறது, வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமே என்று லாசே கோலினை அரித்தெடுத்தார்கள். தனக்கு நெடுநாளாக மனநலப் பிரச்சினை இருக்கிறது, இது சம்பளமில்லாமல் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்று அவர் பொதுவெளியிலேயே விளக்கம் சொல்லவேண்டி வந்தது. அதற்குப் பிறகும் அவர்கள் விடவில்லை.

ஊர்க் கூட்டத்தில் இது நாம் பார்த்த காட்சிதான். கோயில் கணக்கை ஒருவரிடமிருந்து பிடுங்க வேண்டுமென்றால், எதிராளி தானே எழுந்து கேட்க மாட்டார். கிழக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் ‘பெரியவருக்கு வயசாயிடுச்சு’ என்பார். மேற்கிலிருந்து இன்னொருவர் ‘ஆமாமா, பாவம்’ என்பார். மூன்றாமவர் ‘நம்ம தம்பி இருக்காப்லயே, பொறுப்பான பையன்’ என்று முடிப்பார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். எக்ஸ்இசட்டில் அந்தத் தம்பிதான் ஜியா டான். குறை சொன்ன கணக்குகளுக்கு அதற்கு முன்பும் வரலாறு இல்லை, பின்பும் தடமில்லை. குமார் என்று பார்த்ததும் நம்மூர்ப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். இணையத்தில் பெயருக்கு ஊரும் கிடையாது, உறவும் கிடையாது.

2023 தொடக்கத்துக்குள் ஜியா டான் நிரலை நேரடியாக மாற்றவும் புதிய பதிப்பை வெளியிடவும் உரிமை பெற்றுவிட்டார். அதன்பிறகும் அவசரப்படவில்லை. ஏறத்தாழ ஒரு வருடம் பொறுப்பாக வேலை பார்த்தார். இந்தப் பொறுமைதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. நாம் திருடன் என்றால் இரவில் வந்து விடிவதற்குள் போய்விடுகிறவன் என்றே நினைத்துப் பழகியிருக்கிறோம். இரண்டு வருடத்துக்கும் மேல் வேலைக்காரனாக இருந்து நல்ல பெயர் வாங்கிய பிறகு கைவைக்கிறவனை எந்தப் பூட்டு தடுக்கும்?

2024 பிப்ரவரியில் 5.6.0 பதிப்பும் மார்ச்சில் 5.6.1 பதிப்பும் வந்தன. இரண்டுக்குள்ளும் ஒரு கள்ளவாசல் இருந்தது. சுருக்கும் கருவியைச் சோதிக்க, வேண்டுமென்றே கெடுத்துவைத்த கோப்புகளைக் கூடவே வைத்திருப்பார்கள். அவற்றை யாரும் திறந்து பார்ப்பதில்லை. விஷம் அந்தக் கோப்புகளுக்குள்தான் ஒளிந்திருந்தது. அதை எழுப்பிவிடும் சில வரிகளோ, எல்லாரும் பார்க்கும் பொது மூலநிரலில் இல்லவே இல்லை. பதிப்பாகப் பொதிந்து வெளியிட்ட மூட்டைக்குள் மட்டும் இருந்தன. பண்ணையில் உடைத்துக் காட்டிய முட்டை ஒன்று, வண்டியில் ஏற்றிய முட்டை அட்டை வேறொன்று. ஒரு குறிப்பிட்ட ரகசியச் சாவி கையில் இருப்பவர், இந்தப் பதிப்பு ஓடும் சர்வர்களில் தொலைவிலிருந்தே நுழைந்து நினைத்ததைச் செய்திருக்க முடியும். ஆபத்தின் அளவை 10-க்கு 10 என்று மதிப்பிட்டார்கள்.

இதைக் கண்டுபிடித்தது எந்தக் காவல் அமைப்பும் இல்லை. மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். சர்வருக்குள் நுழைவது வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவது கண்ணில் பட்டது. இன்னொருவராக இருந்தால் நெட் ஸ்லோ என்று விட்டிருப்பார். அவர் விடவில்லை, தோண்டிக்கொண்டே போய் 2024 மார்ச் 29-ல் உலகத்துக்குச் சொன்னார். அதற்குள் டெபியனின் சோதனைக் கிளை, ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்பு, ஓப்பன்சூசேயின் டம்பிள்வீட் ஆகிய லினக்ஸ் வகைகளுக்குள் அது புகுந்துவிட்டிருந்தது. பெரும்பாலான சர்வர்களில் ஓடும் நிலையான பதிப்புகளுக்குப் போகவில்லை. இன்னும் சில மாதம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருந்தால் அங்கேயும் போயிருக்கும். ஜியா டான் யார் என்று இன்றுவரை வெளியே வரவில்லை.

உளவுத்துறை மாதிரி நடந்த இந்த வேலைக்கும் நம் சின்ன ப்ராஜெக்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2018-ல் நடந்ததைக் கேளுங்கள். நியூசிலாந்தின் டொமினிக் டார், ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜை எழுதியிருந்தார். அவரே அதைப் பயன்படுத்துவதை விட்டு வருடக்கணக்காகியிருந்தது. ஆனால் உலகம் அதை வாரத்துக்குச் சுமார் 20 லட்சம் முறை இறக்கிக்கொண்டிருந்தது. ஒருவர் மெயில் போட்டு, நான் பராமரிக்கிறேன் என்றார். இவரும் கொடுத்துவிட்டார். புதிதாக வந்தவர் ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம் என்று இன்னொரு பேக்கேஜை உள்ளே கோத்துவிட்டார். அதற்குள் இருந்த நிரல், கோபே என்ற பிட்காயின் வாலட் செயலியில் பணத்தைத் திருடுவதற்காகவே எழுதப்பட்டது. அந்த நவம்பரில் ஒரு கல்லூரி மாணவர்தான் அதைக் கண்டுபிடித்தார். டொமினிக் டார் காசு வாங்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. தனக்கு வேண்டாத ஒன்றை வேண்டும் என்று கேட்டவருக்குக் கொடுத்தார். அன்றைக்கு அதுதான் வழக்கமும்கூட. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கொடுத்திருப்பேன். அதனால்தான் பதறுகிறேன்.

சேலத்து வெள்ளிக் கொலுசுக் கடை, இளம்பிள்ளை சேலை வியாபாரி, நாமக்கல் பள்ளிக்கூடம் என்று வேர்ட்பிரஸ்ஸில் வெப்சைட் வைத்திருப்பவர்களே, உங்களுக்கும் இது வந்து சேரும். டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்று ஒரு பிளகின் 2 லட்சம் தளங்களில் இருந்தது. 2017-ல் அதை எழுதியவர் 15,000 டாலருக்கு விற்றார். வாங்கியவர் உள்ளே கள்ளவாசல் வைத்து, அந்தத் தளங்களில் தன் விளம்பரப் பக்கங்களை ஏற்றினார். தளத்தின் உரிமையாளர் லாகின் செய்து பார்த்தால் அந்தப் பக்கங்கள் தெரியாது. வெளியாட்களுக்கும் கூகுளுக்கும் மட்டும் தெரியும். உங்கள் கடைப் பலகையில் கண்ட கருமத்தை ஊரே படிக்கிறது, உங்கள் கண்ணுக்கு மட்டும் படவில்லை என்றால் எப்படி இருக்கும்? அதே வருடம் டிசம்பரில், 3 லட்சம் தளங்களில் இருந்த கேப்ட்சா என்ற பிளகினும் கைமாறியபின் இதேபோல மாட்டியது. 2024 பிப்ரவரியில் பாலிஃபில் என்ற சேவையின் டொமைன் ஒரு சீன நிறுவனத்திடம் போனது. ஜூனில் அதை நம்பியிருந்த 1 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களிலிருந்து, மொபைலில் வந்தவர்களைச் சூதாட்டத் தளங்களுக்குத் தள்ளிவிட்டது. அந்த நிரலை முதலில் எழுதிய ஆண்ட்ரூ பெட்ஸ், கைமாறியபோதே, எடுத்துவிடுங்கள் என்று எச்சரித்திருந்தார். கேட்டவர்கள் குறைவு.

தமிழுக்காக எழுதப்பட்ட கருவிகளை நினைத்தால் எனக்குக் கூடுதலாகவே பயம். முகுந்த் உருவாக்கிய எ-கலப்பையில் தமிழ் தட்டத் தொடங்கிய தலைமுறை நம்முடையது. அதன் மீது எந்தக் குறையும் சொல்ல வரவில்லை. ஆனால் கீபோர்டு என்பது நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கிற மென்பொருள். பேங்க் பாஸ்வேர்டும் அதன் வழியாகத்தான் போகிறது. அகராதி, எழுத்துரு மாற்றி, பிழைதிருத்தி, கீபோர்டு என்று நம் மொழிக்கான கட்டற்ற மென்பொருள்களில் பலவற்றை விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள்தான் வேலை முடிந்த இரவுகளில் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவர் சோர்ந்துபோன நேரத்தில், ‘தமிழுக்கு என்னால் ஆன தொண்டு’ என்று ஒருவர் வந்து நின்றால் மறுக்க யாருக்கு மனம் வரும்? தயவுசெய்து கீபோர்டை மட்டும் மெயிலை நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். நேரில் பார்த்த ஆள், கூட வேலை செய்த ஆள், நாளைக்குக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல இருக்கிற ஆள் கிடைக்கும்வரை மூடி வையுங்கள்.

மூடி வைப்பது பாவம் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் பாதிப் பேர் குற்ற உணர்ச்சியில்தான் சாவியைக் கொடுக்கிறார்கள். கிட்ஹப்பில் ஒரு ப்ராஜெக்ட்டை ‘ஆர்க்கைவ்’ செய்துவிடலாம். எல்லாரும் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம், யாரும் மாற்ற முடியாது. முகப்பில் ‘இதை நான் இனிப் பராமரிக்கவில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் உங்கள் கடமை முடிந்தது. ஆர்வமுள்ளவர் அதை நகலெடுத்து, வேறு பெயரில், தன் பெயரில் நடத்தட்டும். ஓப்பன் சோர்ஸ் உரிமம் அதற்குத்தானே இருக்கிறது? புதுப் பெயரில் வந்தால் பயன்படுத்துகிறவர்கள் நின்று யோசித்து, விசாரித்து மாறுவார்கள். உங்கள் பழைய பெயரின் மேல் ஏறி வந்தால் யோசிக்க மாட்டார்கள். 2023-ன் கடைசியில் சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்ற ஆண்ட்ராய்டு செயலித் தொகுப்பை அதன் உரிமையாளர் ஒரு நிறுவனத்துக்கு விற்றபோது, அதில் பங்களித்துவந்த நவீன் சிங் இதைத்தான் செய்தார். நகலெடுத்து, ஃபாசிஃபை என்று புதுப் பெயர் வைத்து நடத்துகிறார். விரும்பியவர்கள் அங்கே போனார்கள்.

கொடுத்தே ஆகவேண்டும் என்றால், டெபியன்காரர்களைப் பாருங்கள். பராமரிக்க முடியாதவர் தன் பேக்கேஜை ‘அநாதை’ என்று பொதுப் பட்டியலிலேயே அறிவிப்பார். எடுத்துக்கொள்ள நினைப்பவரும் அதே பட்டியலில் எல்லாருக்கும் தெரிய எழுதிவைப்பார். புதியவராக இருந்தால், பழைய உறுப்பினர் ஒருவர் அவர் வேலையைச் சரிபார்த்துத் தன் கையால்தான் ஏற்றுவார். இந்த நாகரிகத்தை நாமும் பின்பற்றலாம். முதல் ஆறு மாதம் திருத்தங்களை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள், சேர்ப்பது உங்கள் கையில் இருக்கட்டும். பிறகு சேர்க்கும் உரிமை. பதிப்பை வெளியிடும் உரிமை கடைசியில், அதுவும் இருவர் பார்த்த பிறகே வெளியாகும்படி. ஆள் மாறியது என்று முகப்பிலும் அடுத்த பதிப்பின் குறிப்பிலும் எழுதுங்கள். எக்ஸ்இசட்டில் இரண்டு வருடம் பொறுத்தார்களே என்றால், உண்மைதான், பொறுமையுள்ளவரை இது மட்டும் தடுக்காது. அதனால்தான் இரண்டாவது ஜோடிக் கண் வேண்டும் என்கிறேன்.

எவராவது அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்துங்கள். சம்பளம் கொடுக்காத வேலைக்குக் கெடு விதிக்க யாருக்கும் உரிமையில்லை. உங்கள் நிரலை வைத்து ஒரு நிறுவனம் சம்பாதிக்கிறதென்றால் பணம் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். 2024 அக்டோபரில் ஜெரோதா நிறுவனம் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கி, ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுகளுக்கு உதவ ஃப்ளாஸ் ஃபண்ட் தொடங்கியது. அந்த மாதிரி கதவுகளையும் தட்டிப் பாருங்கள்.

கல்லூரிகளுக்கு ஒரு வார்த்தை. டிபார்ட்மென்ட் வெப்சைட், சிம்போசியம் பதிவுச் செயலி எல்லாம் சீனியரிடமிருந்து ஜூனியருக்கு எப்படிப் போகிறது? வாட்ஸ்அப்பில் ஒரு பாஸ்வேர்டாக. நாலு பேட்ச் தாண்டியும் அதே பாஸ்வேர்டு. யார் யாரிடம் இருக்கிறது என்று எந்த ஹெச்.ஓ.டி.க்கும் தெரியாது. மாணவர்களின் போன் நம்பரும் மார்க்கும் அதற்குள் கிடக்கின்றன. ஃபேர்வெல்லுக்கு முந்தின வாரம் எல்லாருடைய ஆக்சஸையும் எடுத்துவிட்டுப் புதிதாகக் கொடுப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

பயன்படுத்துகிற இடத்தில் இருப்பவர்கள், உங்களுக்கு வெப்சைட்டோ பில்லிங் மென்பொருளோ செய்து கொடுத்த தம்பியிடம் இந்த வாரமே கேளுங்கள்: இதற்குள் என்னென்ன பிளகின் இருக்கிறது, ஒவ்வொன்றும் யார் கையில் இருக்கிறது, அண்மையில் கை மாறியதா? நிரல் எழுதுகிறவர்கள், பேக்கேஜ்களின் பதிப்பு எண்ணைப் பூட்டி வையுங்கள். பாதுகாப்புத் திருத்தத்தை உடனே போடுங்கள். மற்றப் புதுப் பதிப்புகள் ஒரு வாரம் ஆறட்டும். கோளாறு இருந்தால் பெரும்பாலும் அதற்குள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று, இது இன்றைக்கே பார்க்க வேண்டியது. நீங்கள் யாருக்கும் கொடுக்காமலேயே உங்கள் ப்ராஜெக்ட் கைமாறலாம். சிடிஎக்ஸ் என்ற பைத்தான் பேக்கேஜ் 2014-க்குப் பிறகு யாரும் தொடாமல் கிடந்தது. எழுதியவரின் மெயில் முகவரி அவருடைய சொந்த டொமைனில் இருந்தது. டொமைனைப் புதுப்பிக்க மறந்து அது காலாவதியானது. 2022 மே மாதம் வேறொருவர் அந்த டொமைனை வாங்கி, அதே மெயில் முகவரியை உருவாக்கி, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று ஒரு பட்டனை அழுத்தினார். பேக்கேஜ் அவர் கைக்குப் போனது. அடுத்து வந்த பதிப்பு, இறக்கிக்கொண்டவர்களின் கணினியிலிருந்த ரகசியச் சாவிகளை வெளியே அனுப்பத் தொடங்கியது. பழைய கல்லூரி மெயிலில், முன்னாள் கம்பெனி மெயிலில், காலாவதியாகப் போகும் டொமைனில் கணக்குத் தொடங்கியவர்கள் எத்தனை பேர் இதைப் படிக்கிறீர்களோ தெரியாது. இன்று இரவு படுப்பதற்கு முன் உங்கள் கிட்ஹப், பைபிஐ, என்பிஎம் கணக்குகளைத் திறந்து, எந்த மெயில் முகவரி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அதை மாற்றுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பார்க்க வேண்டும் என்று கிட்ஹப்பில் வாரிசு பதியும் வசதி இருக்கிறது. அங்கே நேரில் தெரிந்த ஒருவர் பெயரைப் போட்டுவிட்டு, அவருக்கு ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள்.